நெருக்கடித் தலையீட்டுக்கு அமெரிக்க அரசின் மானியம்: முதன்முறை விண்ணப்பிப்போருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் ஒரு கவுண்டியின் மனநல நீதிமன்றத்திலோ, ஷெரிஃப் அலுவலகத்திலோ, மனநலச் சேவையும் போதைமீட்புச் சேவையும் தரும் ஒரு தொண்டு நிறுவனத்திலோ புதிதாகப் பணியில் சேர்ந்தவரின் மேசைக்குச் சில மாதங்களுக்குள் எப்படியும் வந்து சேரும் வேலைகளில் ஒன்று மானிய விண்ணப்பம். கூட்டாட்சி அரசு நெருக்கடித் தலையீட்டுக்குப் பணம் தருகிறதாமே, நாமும் கேட்கலாமா என்று மேலதிகாரி விசாரிப்பார். கேட்கலாம். ஆனால் யாரிடம் கேட்பது என்பதிலேயே முதன்முறை விண்ணப்பிப்போர் பலர் திசை மாறிப் போகிறார்கள். வாஷிங்டனின் இணைய வாசலில் வாரக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பார்கள். பணமோ தங்கள் மாநிலத் தலைநகரில் இருக்கும் ஒரு முகமையின் கணக்குக்கு வந்து சேர்ந்திருக்கும். இக்கட்டுரை ‘பர்ன் மாநில நெருக்கடித் தலையீட்டுத் திட்டம்’ என்ற ஒரே திட்டத்தை மையமாக வைத்து, பணம் வரும் வழி முதல் கணக்கு முடிக்கும் வேலை வரை விளக்குகிறது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இத்திட்டத்தை ‘ஸ்கிப்’ என்று அழைப்பது துறை வழக்கம் என்பதால், இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

பணம் எங்கிருந்து வருகிறது

2022 மே 14 அன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் ஒரு பல்பொருள் அங்காடியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 10 பேர் கொல்லப்பட்டனர். பத்தே நாள்கள் கழித்து, மே 24 அன்று, டெக்சஸ் மாநிலத்தின் உவால்டியில் ஒரு தொடக்கப்பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்டனர். இவ்விரு நிகழ்வுகளின் அழுத்தத்தில் இரு கட்சிகளும் உடன்பட்டு இயற்றிய பாதுகாப்பான சமூகங்கள் சட்டத்தில் அதிபர் பைடன் 2022 ஜூன் 25 அன்று கையெழுத்திட்டார். அச்சட்டம் மாநிலங்களின் நெருக்கடித் தலையீட்டுப் பணிகளுக்கென 75 கோடி டாலர் ஒதுக்கியது. 2022 முதல் 2026 வரையிலான ஐந்து நிதியாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 15 கோடி டாலர் என்பது கணக்கு. கூட்டாட்சி நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்கி செப்டம்பர் 30-இல் முடிகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், தேதிகளைப் படிக்கும்போது குழப்பம் குறையும்.

பணத்தை வழங்குவது அமெரிக்க நீதித் துறையின் கீழ் இயங்கும் நீதி உதவிப் பணியகம்; ஆங்கிலச் சுருக்கத்தில் பி.ஜே.ஏ. இது போட்டி மானியம் அன்று, சூத்திர மானியம். அதாவது, மக்கள்தொகையையும் வன்குற்றங்களின் எண்ணிக்கையையும் வைத்து ஒவ்வொரு மாநிலத்துக்கும் எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்கிட்டுவிடுகிறார்கள். காவல், நீதிமன்றப் பணிகளுக்கு நெடுங்காலமாக வழங்கப்பட்டுவரும் எட்வர்ட் பர்ன் நினைவு மானியத்தின் சூத்திரத்தையே இதற்கும் எடுத்துக்கொண்டதால் பெயரில் ‘பர்ன்’ ஒட்டிக்கொண்டது. 1988 பிப்ரவரியில் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், ஒரு சாட்சியின் வீட்டுக்குக் காவலிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்ட 22 வயதுக் காவலர் அவர்.

முதல் படி: உங்கள் மாநில முகமையைக் கண்டறிதல்

பி.ஜே.ஏ.விடம் நேரடியாக விண்ணப்பிக்கும் உரிமை 56 அமைப்புகளுக்கு மட்டுமே உண்டு. ஐம்பது மாநிலங்கள், கொலம்பியா மாவட்டம், பியூர்டோ ரிக்கோ, குவாம் உள்ளிட்ட ஐந்து ஆட்சிப்பகுதிகள் ஆகியவற்றின் சார்பில் நியமிக்கப்பட்ட ‘மாநில நிர்வாக முகமை’கள் அவை. நியூயார்க்கில் குற்றவியல் நீதிச் சேவைகள் பிரிவும், இல்லினாயில் குற்றவியல் நீதித் தகவல் ஆணையமும், பென்சில்வேனியாவில் குற்றம் மற்றும் இளங்குற்றங்களுக்கான ஆணையமும், கலிஃபோர்னியாவில் மாநில, சமூகத் திருத்தப்பணிகள் வாரியமும், டெக்சஸில் ஆளுநர் அலுவலகத்தின் பொதுப் பாதுகாப்புப் பிரிவும் இப்பொறுப்பில் உள்ளன. மாநிலத்துக்கு மாநிலம் பெயர் மாறுவதால், பி.ஜே.ஏ. வெளியிட்டுள்ள முகமைப் பட்டியலில் உங்கள் மாநிலத்தைத் தேடி எடுப்பதே எளிது.

கவுண்டி, நகராட்சி, கூட்டாட்சி அரசு அங்கீகரித்த பழங்குடி அரசு, தொண்டு நிறுவனம் ஆகிய எல்லாருக்கும் வழி ஒன்றுதான்: அம்முகமை கூட்டாட்சி அரசிடமிருந்து பெற்ற தொகையிலிருந்து துணை மானியம் பெறுவது. மாநிலம் தன் தொகையில் 40 விழுக்காட்டை உள்ளாட்சி அமைப்புகளுக்குக் கட்டாயம் கடத்திவிட வேண்டும். இதற்கு மேல், சூத்திரப்படி நேரடிப் பங்கு பெற முடியாத அளவுக்குச் சிறிய ஊர்களின் பெயரில் கணக்கிடப்படும் ஒரு தொகையை, அவ்வூர்களுக்குச் சேவை செய்யும் மாநில நீதிமன்றங்களுக்கோ அவ்வூர்களுக்கோ தர வேண்டும். சிறிய கிராமப்புற கவுண்டியில் வேலை செய்பவர்கள் இந்த இரண்டாவது பங்கைப் பற்றி முகமையிடம் கட்டாயம் கேட்க வேண்டும். நான் கவனித்தவரை, பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

தொண்டு நிறுவனத்தார் இங்கே ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். 40 விழுக்காடு உள்ளாட்சிக்குரியது. தொண்டு நிறுவனம் உள்ளாட்சி அமைப்பு ஆகாது. ஆகவே ஒரு கவுண்டியின் விண்ணப்பத்தில் சேவை வழங்கும் பங்காளியாகச் சேர்வது, அல்லது மாநிலம் தன்னிடம் வைத்துக்கொள்ளும் பங்கிலிருந்து தொண்டு நிறுவனங்களுக்குத் தனி அறிவிப்பு வெளியிட்டால் அதற்கு விண்ணப்பிப்பது என இரண்டு வழிகளே உண்டு. முதல் வழியே பெரும்பாலும் கைகூடும்.

உங்கள் மாநிலத்தில் இதுவரை யாருக்குப் போயிருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். 30,000 டாலரும் அதற்கு மேலும் உள்ள துணை மானியங்களை முதன்மைப் பெறுநர் பொதுவெளியில் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டாட்சிச் செலவினங்களைக் காட்டும் ‘யூ.எஸ்.ஏ. ஸ்பெண்டிங்’ தளத்தில் அவை ஏறிவிடும்.

எதற்குக் கேட்கலாம், எதற்குக் கூடாது

சட்டத்தின் வாசகம் நெருக்கடித் தலையீட்டு நீதிமன்ற நடவடிக்கைகளை முன்னே வைக்கிறது. மனநல நீதிமன்றம், போதை நீதிமன்றம், முன்னாள் படைவீரர் நீதிமன்றம், உச்ச அபாயப் பாதுகாப்பு ஆணைத் திட்டம் ஆகிய நான்கையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. முதல் மூன்றும் புதியவை அல்ல. போதை நீதிமன்றம் 1989-இல் மயாமியிலும், மனநல நீதிமன்றம் 1997-இல் ஃபுளோரிடாவின் ப்ரோவார்ட் கவுண்டியிலும், படைவீரர் நீதிமன்றம் 2008-இல் பஃபலோவிலும் வேர்விட்டவை. சிகிச்சையை ஏற்று முடிப்பவருக்குத் தண்டனையைக் குறைப்பது அல்லது வழக்கையே தள்ளுபடி செய்வது என்பதே மூன்றிலும் உள்ள அடிப்படை ஏற்பாடு.

நான்காவதுதான் அரசியல் சூடுள்ளது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடிய நிலையில் இருப்பவரிடமிருந்து நீதிமன்ற ஆணையின் பேரில் துப்பாக்கிகளைத் தற்காலிகமாக அகற்றும் முறை இது. 1999-இல் கனெக்டிகட் முதலில் கொண்டுவந்தது. இன்று 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் உள்ளது. ஓக்லஹோமா 2020-இல் இதைத் தடுத்தே சட்டம் இயற்றியது. இந்த ஆணைச் சட்டம் இல்லாத மாநிலமும் ஸ்கிப் பணம் பெறலாம். வேறு வகை நீதிமன்றங்களுக்கும் பணிகளுக்கும் அது பயன்படுத்திக்கொள்ளும். ஆணைத் திட்டத்துக்கே பணம் கேட்பதானால், எதிர்தரப்புக்கு நேரில் வாதிடும் வாய்ப்பு, அரசின் செலவில் அன்றித் தன் செலவில் வழக்குரைஞர் வைத்துக்கொள்ளும் உரிமை, உயர்ந்த தரத்திலான சான்று, பொய்யாக மனுச் செய்வோருக்குத் தண்டனை ஆகிய பாதுகாப்புகள் மாநிலச் சட்டத்தில் இருந்தாக வேண்டும்.

இவற்றுக்கு வெளியேயும் பி.ஜே.ஏ. கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. நெருக்கடியில் இருப்பவரைக் கைது செய்யாமல் சிகிச்சைக்குத் திருப்பும் பணி, காவலரும் மனநலப் பணியாளரும் சேர்ந்தோ பணியாளர் மட்டுமோ செல்லும் நடமாடும் நெருக்கடிக் குழு, தானே நோயிலிருந்து மீண்டு வந்து பிறருக்குத் துணைநிற்கும் சகபயணிப் பணியாளர்கள், நெருக்கடித் தலையீட்டுக் காவல் அணிகளுக்கான பயிற்சி, ஒப்படைக்கப்பட்ட துப்பாக்கிகளைப் பத்திரமாக வைத்துத் திருப்பித் தரும் ஏற்பாடு, துப்பாக்கிப் பூட்டுகள் எல்லாம் அனுமதிக்கப்பட்டவை. காவல் அணிப் பயிற்சி என்றால் 1988-இல் மெம்ஃபிஸ் நகரில் உருவான 40 மணிநேரப் பாடத்திட்டமே பெரும்பாலும் அளவுகோல்.

அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இருப்பதாலேயே கேட்டுவிட வேண்டும் என்பதில்லை. நடமாடும் நெருக்கடிக் குழுவின் சேவைக்கு உங்கள் மாநிலத்தின் மெடிக்கெய்ட் (குறைந்த வருமானத்தினருக்கான அரசுக் காப்பீடு) பணம் தருமானால், அதே சேவையை மானியத்தில் எழுதுவது மானியத்தை வீணாக்குவதாகும். ஒரே செலவை இரண்டு இடத்தில் எழுதினால் அது வீணோடு நிற்காது, குற்றமாகவும் ஆகும். எந்தக் காப்பீட்டிலும் கட்டணம் எழுத முடியாத வேலைகளுக்கே மானியத்தைத் திருப்புங்கள் என்பது என் அழுத்தமான கருத்து: நீதிமன்ற ஒருங்கிணைப்பாளர், காவலரும் பணியாளரும் பயிற்சியில் செலவிடும் நேரம், தரவு சேர்ப்பவரின் ஊதியம், சிறையிலிருந்து விடுதலையாகும் நாளில் ஒருவரைச் சிகிச்சை மையத்துக்கு அழைத்துச் செல்லும் வண்டிச் செலவு. விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு இவை தேவையான செலவுகள் என்பது உடனே விளங்கும்.

இரண்டாம் படி: ஆலோசனைக் குழுவும் மாநிலத் திட்டமும்

ஸ்கிப் மானியத்தின் தனித்தன்மை இங்கேதான். பணத்தைத் தொடும் முன் ஒவ்வொரு மாநிலமும் ஒரு நெருக்கடித் தலையீட்டு ஆலோசனைக் குழுவை அமைக்க வேண்டும். காவல் துறை, பொதுச் சமூகம், நீதிமன்றங்கள், அரசுத் தரப்பு வழக்குரைஞர்கள், மனநலச் சேவை வழங்குவோர், பாதிக்கப்பட்டோருக்கான சேவையமைப்புகள், சட்ட ஆலோசகர் என இத்தனை தரப்பும் அதில் இடம்பெற வேண்டும். மாநிலத்தின் செலவுத் திட்டத்தை அக்குழு ஏற்று, பிறகு பி.ஜே.ஏ.வும் ஏற்றால்தான் பணம் விடுவிக்கப்படும். 2023 பிப்ரவரியில் முதல் சுற்றாக 20 கோடி டாலருக்கு மேல் அறிவிக்கப்பட்ட பிறகும், குழு அமைத்துத் திட்டம் ஏற்கப்படும் வரை உள்ளூர் அமைப்புகள் காத்திருக்க நேர்வது இதனால்தான். தாமதத்துக்கு உள்ளூர் அலுவலரை நொந்துகொள்வதில் பயனில்லை.

உங்களுக்கு இதில் இரண்டு வேலைகள் உள்ளன. ஒன்று, ஏற்கப்பட்ட மாநிலத் திட்டத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி, அதில் சொல்லப்பட்ட முன்னுரிமைகளை வரிவரியாகப் படிப்பது. உங்கள் மாநிலம் சிகிச்சை நீதிமன்றங்களுக்கு மட்டுமே என்று தீர்மானித்திருந்தால், நடமாடும் குழுவுக்கு நீங்கள் எழுதும் விண்ணப்பம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுபடாது. மற்றொன்று, அடுத்த ஆண்டுத் திட்டம் எழுதப்படும் முன்பே குழு உறுப்பினர்களில் உங்கள் துறையைச் சார்ந்தவரிடம் உங்கள் ஊரின் தேவையை எடுத்துச் சொல்வது. அறிவிப்பு வெளியான பிறகு விண்ணப்பிப்பவர்கள் திட்டத்துக்குத் தங்களைப் பொருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கு முன்பே பேசியவர்களுக்குத் திட்டத்திலேயே இடம் கிடைக்கக்கூடும். குழுக் கூட்டங்கள் மாநிலத்தின் திறந்த கூட்டச் சட்டத்துக்கு உட்பட்டவை எனில் யாரும் போய் உட்காரலாம். முகமையின் மின்னஞ்சல் பட்டியலிலும் பெயரைச் சேர்த்து வையுங்கள்.

குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்ற அந்தப் பட்டியலை உங்கள் ஊருக்கும் பொருத்திப் பாருங்கள். அதே தரப்புகளின் கையொப்பத்தோடு வரும் உள்ளூர் விண்ணப்பத்தை முகமை மதிக்கும்.

மூன்றாம் படி: தேவையை நிறுவுதல்

தேவை அறிக்கையில் நாடு தழுவிய புள்ளிவிவரங்களை அடுக்குவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. முகமையின் மதிப்பீட்டாளர்கள் அந்த எண்களை நூறு விண்ணப்பங்களில் படித்திருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது உங்கள் கவுண்டியின் நிலைமை.

இதற்கு மார்க் முனெட்ஸ், பட்ரீசியா கிரிஃபின் ஆகியோர் 2006-இல் விவரித்த ‘தொடர் இடைமறிப்பு மாதிரி’ கைகொடுக்கும். நெருக்கடியில் இருப்பவர் குற்றவியல் அமைப்புக்குள் நுழைந்து வெளியேறும் பாதையை அது நிலைகளாகப் பிரிக்கிறது. பின்னாளில் சேர்க்கப்பட்ட பூஜ்ய நிலையில் சமூகத்தில் உள்ள நெருக்கடிச் சேவைகள்; முதல் நிலையில் காவலரும் அவசர அழைப்பும்; இரண்டாவதில் கைதுக்குப் பிந்தைய முதல் விசாரணை; மூன்றாவதில் சிறையும் நீதிமன்றமும்; நான்காவதில் விடுதலை; ஐந்தாவதில் நன்னடத்தைக் கண்காணிப்பு. அந்தந்த நிலையில் வேலை செய்பவர்களை ஒரே அறையில் கூட்டி, மக்கள் எங்கே தவறி விழுகிறார்கள் என்று சுவரில் ஒட்டிய பெரிய தாளில் குறித்தால், ஒரு நாளில் உங்கள் தேவை அறிக்கையின் பாதி தயாராகிவிடும். அக்கூட்டத்தில் அவசர அழைப்பு மையத்தின் பணியாளரைத் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த அழைப்பு 988 என்ற மனநல நெருக்கடி உதவி எண்ணுக்குப் போகிறது, எது காவலரிடம் போகிறது, இரவு இரண்டு மணிக்கு யாரை அனுப்புகிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியும்.

பிறகு எண்களைக் கேளுங்கள். சிறைக்குள் எடுத்துக்கொள்ளும்போது செய்யும் மனநலப் பரிசோதனையில் எத்தனை பேர் மேல்கவனிப்புக்கு உரியவர்களாகத் தெரிந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குள் திரும்ப வந்தார்கள், சராசரியாக எத்தனை நாள்கள் சிறையில் இருந்தார்கள், உங்கள் மனநல நீதிமன்றத்தில் காத்திருப்புப் பட்டியல் உண்டா என்ற நான்கு கேள்விகளுக்கு உங்கள் ஊரின் பதில் கிடைத்தாலே போதும். சிறை நிர்வாகம் எண்களைத் தரத் தயங்கினால், பெயரில்லாத மொத்த எண்ணிக்கை மட்டுமே வேண்டும் என்று எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

நான்காம் படி: பதிவுகள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். துணை மானியம் பெறுவோருக்குக் கூட்டாட்சி அரசின் ‘சாம்’ தளம் வழங்கும் 12 எழுத்து, எண்கள் கொண்ட தனி அடையாள எண் வேண்டும். 2022 ஏப்ரலில் பழைய டன்ஸ் எண்ணின் இடத்தை இது பிடித்தது. கூட்டாட்சி விதிப்படி துணைப் பெறுநருக்கு அடையாள எண் மட்டும் போதும்; முழுப் பதிவு தேவையில்லை. ஆனால் சில முகமைகள் முழுப் பதிவையே கேட்கும். முழுப் பதிவை ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும், அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. புதுப்பித்துத் தருகிறோம் என்று பணம் கேட்டு வரும் மின்னஞ்சல்களை அப்படியே அழித்துவிடுங்கள். நிறுவனத்தின் சட்டப்பெயரும் முகவரியும் ஆவணங்களில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்காவிட்டால் பதிவு வாரக்கணக்கில் இழுக்கும் என்பதால், அறிவிப்புக்குக் காத்திராமல் இன்றே தொடங்குவது நல்லது. கிராண்ட்ஸ் டாட் கவ், ஜஸ்ட்கிராண்ட்ஸ் ஆகிய இரு தளங்களிலும் விண்ணப்பிப்பது மாநில முகமையின் வேலை. நீங்கள் மாநிலத்தின் சொந்த இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால் போதும்.

ஐந்தாம் படி: வரவுசெலவுத் திட்டம்

விண்ணப்பத்தின் கதைப்பகுதியை நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் கணக்கினால்தான். செலவு ஒவ்வொன்றும் அனுமதிக்கப்பட்டதாகவும், நியாயமானதாகவும், இந்தத் திட்டத்துக்கே உரியதாகவும் இருக்க வேண்டும் என்பது ‘2 சி.எஃப்.ஆர். 200’ என்ற ஒருங்கிணைந்த விதித்தொகுப்பின் சாரம். அதற்கு மேல் நீதித் துறையின் நிதி வழிகாட்டி நூலும் உண்டு. கூட்டங்களில் சிற்றுண்டி, மதிய உணவு வழங்கும் செலவைப் பொதுவாக அது ஏற்பதில்லை. நம்மவர்கள் கூட்டம் என்றாலே தேநீரையும் சேர்த்து எழுதிவிடும் வழக்கம் உண்டு. இங்கே அதை வேறு கணக்கில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கவுண்டி தன் மனநல நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு மேலாளரை நியமித்து, சகபயணிப் பணியாளர்களை ஒரு தொண்டு நிறுவனத்தின் வழியே அமர்த்த விரும்புகிறது என்று கொள்வோம். வழக்கு மேலாளரின் ஆண்டு ஊதியம் 62,000 டாலர். பணிச் சலுகைகள் 30 விழுக்காடு என்றால் 18,600. உள்ளூர்ப் பயணம் 3,500. மடிக்கணினி, தொலைபேசி 2,200. பயிற்சிப் பயணம் 3,700. இதுவரை 90,000 டாலர். தொண்டு நிறுவனத்துக்குத் துணை மானியம் 80,000. ஆக நேரடிச் செலவு 1,70,000.

இனி மறைமுகச் செலவு. அதாவது கணக்கர், வாடகை, மின்சாரம் போன்றவற்றில் இத்திட்டத்துக்குரிய பங்கு. கூட்டாட்சி அரசோடு தனக்கெனப் பேசி முடிக்கப்பட்ட விகிதம் இல்லாதவர்கள், விதி எல்லாருக்கும் பொதுவாக அனுமதிக்கும் 15 விழுக்காடு வரை எழுதலாம். 2024 அக்டோபர் 1-க்கு முன் அது 10 விழுக்காடாக இருந்தது. ஆனால் அந்த விகிதத்தை மொத்தத் தொகைக்கும் போடக்கூடாது. ஒவ்வொரு துணை மானியத்திலும் முதல் 50,000 டாலர் மட்டுமே கணக்கில் வரும். ஆகவே அடிப்படைத் தொகை 90,000 உடன் 50,000 சேர்த்து 1,40,000. அதில் 15 விழுக்காடு 21,000. மொத்தக் கோரிக்கை 1,91,000 டாலர். 1,70,000-க்கும் 15 விழுக்காடு போட்டு 25,500 என்று எழுதியிருந்தால், அந்த 4,500 டாலர் வேறுபாடே விண்ணப்பத்தைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பப் போதுமானது. ஸ்கிப் திட்டத்தில் நிர்வாகச் செலவுக்கு 10 விழுக்காடு உச்சவரம்பு இருப்பதால், துணைப் பெறுநர் எந்த விகிதத்தில் எழுதலாம் என்பதை முகமையிடம் எழுத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்ட பின்னரே இறுதி செய்யுங்கள்.

தொண்டு நிறுவனம் துணைப் பெறுநரா, ஒப்பந்ததாரரா என்பதையும் முன்பே தீர்மானிக்க வேண்டும். திட்டத்தின் ஒரு பகுதியைத் தன் பொறுப்பில் நடத்தி, யார் தகுதியுடையவர் என்று முடிவெடுப்பவர் துணைப் பெறுநர்; விலைக்கு ஒரு பொருளையோ வழக்கமான சேவையையோ தருபவர் ஒப்பந்ததாரர். பூட்டு விற்பவர் ஒப்பந்ததாரர். சகபயணித் திட்டத்தை நடத்துபவர் துணைப் பெறுநர். ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுக்கப் போட்டி விலைக் கோரிக்கை விதிகள் உண்டு; துணைப் பெறுநரை நீங்கள் தொடர்ந்து கண்காணித்தாக வேண்டும்.

சட்டம் உள்ளூர் நிதிப் பங்களிப்பு கேட்பதில்லை என்பது இத்திட்டத்தின் பெரிய வசதி. ஆனால் ஏற்கெனவே கவுண்டி கொடுத்துவரும் ஊதியத்தை நிறுத்திவிட்டு அதே பணியை மானியத்துக்கு மாற்றுவது தடைசெய்யப்பட்டது. புதிய பதவி என்பதைக் காட்டும் மன்றத் தீர்மானத்தின் பிரதியைக் கோப்பில் வைத்திருங்கள்.

ஆறாம் படி: உடன்படிக்கைகளும் இரகசியமும்

ஆதரவுக் கடிதமும் புரிந்துணர்வு உடன்படிக்கையும் ஒன்றல்ல. “இத்திட்டத்தை முழுமனதோடு ஆதரிக்கிறோம்” என்ற கடிதம் எவரிடமும் கிடைக்கும். வாரத்துக்கு எத்தனை பேரை யார் பரிந்துரைப்பார், எத்தனை நாளுக்குள் யார் பார்ப்பார், எந்தத் தரவை யாருக்கு எப்போது தருவார் என்று எழுதிக் கையொப்பமிட்ட உடன்படிக்கைக்கே மதிப்பு. நீதிபதி, அரசுத் தரப்பு வழக்குரைஞர், அரசு நியமித்த தற்காப்பு வழக்குரைஞர், ஷெரிஃப், மனநலத் துறை ஆகிய ஐவரில் ஒருவர் விடுபட்டாலும் சிகிச்சை நீதிமன்றம் நடக்காது. இவர்களில் தற்காப்பு வழக்குரைஞரைத்தான் பலரும் கடைசி வாரத்தில் நினைக்கிறார்கள். அவரை முதலிலேயே அழையுங்கள். கட்சிக்காரரின் உரிமை குறித்து அவர் எழுப்பும் கேள்விகள் திட்டத்தையே செம்மைப்படுத்தும்.

சிகிச்சைத் தகவல் பகிர்வில் இரண்டு சட்டங்கள் குறுக்கிடும். பொதுவான மருத்துவத் தகவலுக்கு ஹிப்பா சட்டம். போதைமீட்புச் சிகிச்சைப் பதிவுகளுக்கு அதைவிடக் கடுமையான ‘42 சி.எஃப்.ஆர். பகுதி 2’. பங்கேற்பாளர் எழுத்தில் ஒப்புதல் தராமல் சிகிச்சையாளர் நீதிமன்றக் குழுவிடம் பேச முடியாது. ஒப்புதல் படிவம் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் செலவையும் வரவுசெலவில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். ஆங்கிலம் அதிகம் அறியாத முதியவர் ஒருவர், பேரன் மொழிபெயர்க்கத் தன் மனநிலையைப் பற்றிப் பேச வேண்டிய நிலை எந்தச் சமூகத்திலும் ஏற்படக்கூடாது. தமிழ்க் குடும்பங்களும் அதற்கு விலக்கல்ல.

ஏழாம் படி: பணம் கிடைத்த பிறகு

துணை மானியம் பெரும்பாலும் முன்பணமாக வராது. நீங்கள் செலவு செய்து, சான்றுகளோடு கேட்டு, பிறகே ஈடு பெறுவீர்கள். மேற்சொன்ன கற்பனைக் கணக்கில், மாதம் ஏறத்தாழ 16,000 டாலர் செலவாகும். காலாண்டுக்கு ஒரு முறை கேட்டு, சரிபார்ப்புக்கு மேலும் இரண்டு மாதங்கள் ஆனால், 80,000 டாலர் அளவுக்கு உங்கள் கைப்பணம் வெளியே நிற்கும். கவுண்டியால் தாங்க முடியும். சிறிய தொண்டு நிறுவனம் மூச்சுத் திணறும். மாதந்தோறும் ஈடு கேட்க அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பணியாளரின் நேரப் பதிவை உண்மையில் வேலை செய்தபடி பராமரியுங்கள். பாதி நேரம் மட்டும் இத்திட்டத்தில் உழைப்பவருக்கு ஒவ்வொரு வாரமும் சரியாக ஐம்பது விழுக்காடு என்று எழுதியிருந்தால், கண்காணிக்க வருபவர் முதலில் விரல் வைப்பது அங்கேதான். மாநில முகமை காலாண்டுதோறும் நிதி அறிக்கையையும் செயல்திறன் விவரங்களையும் பி.ஜே.ஏ.வுக்கு அனுப்ப வேண்டியிருப்பதால், உங்களிடம் அதற்கும் முன்பே கேட்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற எண்ணிக்கையோடு நில்லாமல், மறுகைது, சிறை நாள்கள், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போன முறைகள் ஆகியவற்றைச் சேர்க்கைக்கு முன்னும் பின்னும் பதிவு செய்ய முதல் நாளிலிருந்தே ஏற்பாடு இருக்க வேண்டும். ஓராண்டில் எல்லா வகைக் கூட்டாட்சிப் பணமும் சேர்ந்து 10 லட்சம் டாலரைத் தொட்டால் ஒற்றைத் தணிக்கை கட்டாயம். 2024 அக்டோபரில் தொடங்கிய புதிய விதிக்கு முன் இவ்வரம்பு 7,50,000 டாலராக இருந்தது.

மானியம் பாதியில் நிற்கவும் கூடும். 2025 ஏப்ரலில் நீதித் துறை, துறையின் முன்னுரிமைகளோடு பொருந்தவில்லை என்று கூறி 300-க்கும் மேற்பட்ட மானியங்களை இடையிலேயே நிறுத்தியது. 2 சி.எஃப்.ஆர். 200.340 என்ற பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆகவே பணியாளர் நியமன ஆணையில் மானியம் உள்ளவரை என்ற வரியையும், துணைப் பெறுநர் ஒப்பந்தத்தில் நிறுத்தம் பற்றிய பிரிவையும் சேர்த்துவிடுங்கள். செலவுகளுக்கு ஈடு கேட்பதையும் தள்ளிப்போடாதீர்கள்.

மாநிலத்தில் வழி இல்லையென்றால்

உங்கள் மாநிலத்தின் பணம் முழுவதும் பங்கிடப்பட்டுவிட்டால், பி.ஜே.ஏ.விடம் நேரடியாகவே போட்டியிடக்கூடிய வேறு திட்டம் உண்டு. 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் நீதி, மனநலக் கூட்டுழைப்புத் திட்டத்துக்குக் குற்றவியல் நீதி முகமையும் மனநல முகமையும் இணைந்து விண்ணப்பிக்க வேண்டும். அதில் உள்ளூர்ப் பங்களிப்பும் கேட்பார்கள். ஸ்கிப்புக்காக நீங்கள் தயாரித்த தேவை அறிக்கையும் உடன்படிக்கைகளும் அப்படியே அதற்கும் பயன்படும். கிராண்ட்ஸ் டாட் கவ், ஜஸ்ட்கிராண்ட்ஸ் தளங்களில் நீங்களே பதிவு செய்ய வேண்டி வருவது அப்போதுதான்.

மானியம் முடிந்தபின் இறுதி நிதி அறிக்கை அனுப்பிய நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்கு எல்லாப் பதிவுகளையும் வைத்திருக்க வேண்டும். தணிக்கையோ வழக்கோ நடந்துகொண்டிருந்தால் அது முடியும் வரை வைத்திருக்க வேண்டும். நேரப் பதிவுகள், ரசீதுகள், உடன்படிக்கைகள், முகமையோடு நடத்திய மின்னஞ்சல் பரிமாற்றங்கள் ஆகியவற்றை மானிய எண்ணின் பெயரில் ஒரே கோப்புறையில் சேமித்து, அதன் இருப்பிடத்தைக் கணக்குப் பிரிவில் இருவருக்காவது தெரியப்படுத்துங்கள். திட்டத்தை நடத்தியவர் வேறு வேலைக்குப் போன பிறகுதான் பெரும்பாலும் தணிக்கையாளர் வருவார்.